மண் வாரும் வேலை என்று சொல்லாதீர்கள்

நெய்வேலி சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் ஷிப்ட் பார்க்கும் அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும்,

உங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் நான். பெற்றோர் கூட்டங்களில் உங்களில் பலரைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். அங்கே அடிக்கடி என் காதில் விழும் ஒரு பேச்சுதான் இந்த மடலை எழுத வைத்தது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம் சொல்கிறீர்கள்: "ஒழுங்கா படி. இல்லேன்னா என்னைமாதிரி மைன்ஸ்ல மண்ணு வாரத்தான் போவணும்."

அக்கறையில்தான் சொல்கிறீர்கள். வெயிலும் புழுதியும் நைட் ஷிப்டும் உங்களோடு போகட்டும், பிள்ளையாவது ஏசி அறையில் உட்காரட்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பிள்ளை மனதில் என்ன பதிகிறது என்று வகுப்பில் தினமும் பார்க்கிறேன். படிப்பு ஒரு பக்கம், அப்பாவின் வேலை அதற்கு நேர் எதிர்ப்பக்கம் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடம் நடத்தும்போது, நிலத்தடி நீரின் அழுத்தத்தை இருபத்து நான்கு மணி நேரமும் கட்டுப்படுத்தும் பம்ப் பிரிவில் வேலை செய்பவரின் மகனே முன்பெஞ்சில் உட்கார்ந்து சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறான். அப்பாவுக்கு இதில் ஏதாவது தெரியுமா என்று கேட்டால், "எங்கப்பா ஆபரேட்டர்தான் மிஸ்" என்று தலையைக் குனிந்துகொள்கிறான். அந்த 'தான்' எனக்கு வலிக்கிறது.

அதே கூட்டத்தில் நீங்கள் என்னிடம் கேட்கும் இன்னொரு கேள்வியும் உண்டு. பிள்ளை ஆசையாகப் படிக்க என்ன வாங்கித் தரலாம், எந்த ஆப் நல்லது, எந்த ஒர்க்‌ஷீட் புத்தகம் நல்லது? என் பதில் இதுதான்: உங்கள் வீட்டில் கடையில் கிடைக்காத ஒரு பொருள் இருக்கிறது. அது நீங்கள் செய்யும் வேலை. முதலில் அதைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். ஒரு சோதனையை முழுதாகச் சொல்கிறேன். வீட்டில் செய்து பாருங்கள்.

நெய்வேலியில் லிக்னைட் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீர் இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும் நீர் அது. கட்டைவிரல் நகம் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். அந்த நகத்தின் மேல் ஏழு கிலோ அரிசியை வைத்தால் என்ன ஆகும் என்று பிள்ளை யோசிக்கட்டும். மேலே மண் கிடக்கும்வரை அதன் எடை அந்த நீரை அமுக்கி வைத்திருக்கிறது. மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அமுக்க ஆளில்லை. அடித்தளத்தைப் பிளந்துகொண்டு நீர் பீறிடும். அதனால்தான் ராப்பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வெட்டுகிறார்கள். 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். லிக்னைட் கண்ணில் பட 1961 ஆகஸ்ட் ஆனது. இந்த நீரை அடக்காமல் அந்தக் கரியைத் தொட்டிருக்க முடியாது.

இதை ஒரு தண்ணீர் பாட்டிலில் காட்டலாம். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி எடுங்கள். அடிப்பக்கமாக ஒரு துளை போட்டு, குளுக்கோஸ் ஏற்றும் டியூப் மாதிரியான மெல்லிய குழாயைச் செருகி, சுற்றிலும் எம்-சீல் வைத்து அடையுங்கள். அடியில் இரண்டு விரற்கடை மணல். அதன்மேல் ஒரு விரல் தடிமனுக்கு ஈரக் களிமண், பாட்டில் சுவரோடு ஒட்டும்படி நன்றாக அமுக்கிப் பரப்ப வேண்டும். அதற்கு மேல் ஒரு ஜாண் உயரத்துக்குள் காய்ந்த மணல். குழாயின் மறுமுனையை இன்னொரு பாட்டிலில் பொருத்தித் தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் மட்டம், மேல் மணலின் மட்டத்தைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து நிற்கட்டும். ஒன்றும் நடக்காது. இப்போது பிள்ளையின் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்து, மேல் மணலை மெதுவாக வாரச் சொல்லுங்கள். பாதி போகும், முக்கால்வாசி போகும், திடீரென்று களிமண் நடுவில் உப்பும், ஓரத்தில் கீறல் விடும், தண்ணீர் குபுக்கென்று வரும். பிள்ளை கத்தும். மறுமுறை, மணலை வாரும்போதே தண்ணீர்ப் பாட்டிலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். களிமண் அசையாது. நீங்கள் அன்றாடம் சுரங்கத்தில் செய்வதை அந்த நிமிடம் அது கைகளால் புரிந்துகொள்ளும். முதல் தடவையே சரியாக வராது. களிமண் ஓரத்தில் கசியும். கசிவதும் பாடம்தான். ஏன் கசிந்தது என்று கேளுங்கள்.

இந்தச் சோதனையை என்னால் வகுப்பில் செய்து காட்ட முடியும். ஆனால் "நம்ம மைன்ஸ்ல இதை எப்படி அளக்கறாங்க, ஒரு பம்ப் நின்னுபோனா என்ன பண்ணுவாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதான ஒன்று: உங்கள் ஷிப்ட் அட்டவணை. மூன்றாம், நான்காம் வகுப்பில் வகுத்தலும் மீதியும் வரும்போது பிள்ளைகள் திணறுகிறார்கள். மீதி என்றால் என்ன, அது எதற்கு என்று அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஒரு காலண்டரை எடுத்து, முதல் ஷிப்ட் வாரத்தை மஞ்சள், இரண்டாம் ஷிப்டைப் பச்சை, நைட் ஷிப்டை நீலம் என்று தீட்டச் சொல்லுங்கள். பிறகு, இந்த ஆண்டு தீபாவளியன்று அப்பா எந்த ஷிப்ட் என்று காலண்டரைப் புரட்டாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒரு ஷிப்ட் வீதம் மாறினால் 21 நாளுக்கு ஒரு சுற்று. இன்று முதல் ஷிப்ட் வாரத்தின் முதல் நாள், தீபாவளிக்கு இன்னும் 58 நாள் என்று வைத்துக்கொள்வோம். 58-ஐ 21-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 16. மூன்றாவது வாரம். நைட் ஷிப்ட்! அப்பா காலையில் வீட்டுக்கு வந்துவிடுவார், ஆனால் தூக்கக் கலக்கத்தில் இருப்பார் என்று பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லும். மீதி என்பது அதன் வாழ்க்கையில் ஒரு வேலை செய்துவிட்டது. உங்கள் பிரிவில் சுழற்சி வேறு மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. கணக்கு கொஞ்சம் கடினமாகும், அவ்வளவுதான்.

மண் வெட்டும் சக்கர எந்திரத்தில் 700 லிட்டர் வாளியும் உண்டு, 1400 லிட்டர் வாளியும் உண்டு. வீட்டுக் குடம் 15 லிட்டர் பிடித்தால், பெரிய வாளி ஒரு முறை வாரும் மண்ணை அள்ளக் கிட்டத்தட்ட 93 குடம் வேண்டும். சக்கரத்தில் எத்தனை வாளி, ஒரு நிமிடத்தில் எத்தனை வாளி கொட்டும் என்பதை நான் சொல்ல மாட்டேன். பிள்ளை உங்களிடம் கேட்கட்டும். ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அவரவர் திறனுக்கேற்பக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

கரித்துண்டு எதையும் பிள்ளைக்காக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். விதியும் அனுமதிக்காது, குவித்து வைத்த லிக்னைட் தானாகவே சூடேறிப் புகையும் குணமுள்ளது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பொருள் இல்லாமலேயே பேச நிறைய இருக்கிறது. நம் லிக்னைட்டின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு டன் கரியை ரயிலில் ஏற்றினால் அரை டன் தண்ணீருக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும். அப்படியென்றால் மின் நிலையத்தை எங்கே கட்டுவது புத்திசாலித்தனம் என்று ஏழாம் வகுப்பில் ஒரு முறை கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு பெண், "அதனாலதான் மிஸ் தெர்மல் இங்கயே இருக்கு!" என்றாள். எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கரி ஏன் கப்பலில் போகிறது, நம் கரி ஏன் கன்வேயர் பெல்ட்டிலேயே போய்ச் சேர்கிறது என்பதை அந்த வகுப்பு அன்று தானாகவே பேசி முடித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

மின் நிலையத்தின் இடுப்பு குறுகிய உயரமான கோபுரங்களிலிருந்து வருவதைப் புகை என்றே பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வருவது நீராவியும் நீர்த்துளிகளும்தான், புகைபோக்கி வேறு. மார்கழி விடியலில் அந்த வெண்மேகம் ஏன் பெரிதாகத் தெரிகிறது, சித்திரை மதியத்தில் ஏன் மெலிந்துபோகிறது? ஒரு நோட்டில் தினமும் காலையும் மாலையும் படம் வரைந்து, பக்கத்தில் வெயிலா மேகமா என்று எழுதி வரச் சொல்லுங்கள். குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியே போதும்.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு வேலை செய்தார்கள். மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு வரவில்லை, வீட்டில் அறிவுச் சூழல் இல்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர்கள் ஆசிரியர்களை வீடுகளுக்கு அனுப்பினார்கள். புகார் சொல்ல இல்லை, கற்றுக்கொண்டு வர. போய்ப் பார்த்தால் அந்தக் குடும்பங்களில் பயிர்த்தொழில், கட்டட வேலை, கால்நடை வைத்தியம், சுரங்க எந்திரங்களை ஓட்டிப் பராமரிப்பது என்று அத்தனை அறிவு குவிந்து கிடந்தது. ஒரு மாணவன் மெக்சிகோ மிட்டாய் விற்பான் என்று தெரிந்ததும், ஓர் ஆசிரியை மிட்டாயையே பாடமாக்கினார். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். பிள்ளைகள் அதில் சேரும் பொருள்களை ஒப்பிட்டார்கள், கணக்கெடுத்து வரைபடம் போட்டார்கள். அந்தத் தாய் அன்று ஆசிரியர். அவருடைய பிள்ளையின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம் மாநிலத்திலும் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பெஞ்சிலிருந்த பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைத்து அட்டைகளைக் கையில் கொடுத்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் திருச்சி காட்டூரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி பள்ளியாகச் சோதனைப் பொருள்களைக் கொண்டு போகிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் 'துளிர்' இதழை நடத்திவருகிறது. அதைப் படித்து வளர்ந்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். இவை அனைத்தும் மாநிலம் முழுமைக்கும் பொதுவானவை. காஞ்சிபுரத்துப் பிள்ளைக்குத் தறியும், நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு வலையும், நெய்வேலிப் பிள்ளைக்குச் சுரங்கமும் பாடமாக வேண்டுமென்றால் அதை அந்த ஊர்க்காரர்கள்தான் செய்ய முடியும். சென்னையிலிருந்து அச்சடித்து அனுப்ப முடியாது.

நம் ஊரில் படிப்பும் வேலையும் கைகோத்து வந்த காலமும் உண்டு. முதல் அனல்மின் நிலையத்தை சோவியத் உதவியோடு கட்டினோம். 1962-ல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதே நாட்டின் மீர் பதிப்பகம்தான் பெரல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்' நூலையும் தமிழில் நமக்குத் தந்தது. டர்பைனும் புத்தகமும் ஒரே திசையிலிருந்து வந்தன. அந்தப் பழைய பிரதி சில குவார்ட்டர்ஸ் பரண்களில் இன்னும் இருக்கும்; இருந்தால் இறக்கி வையுங்கள். 1998-ல் தொடங்கிய நம் புத்தகக் கண்காட்சியில் கைடுகள் அடுக்கிய கடைகளைத் தாண்டி, பிள்ளையை இப்படிப்பட்ட புத்தகங்களின் பக்கம் ஒரு மணி நேரம் விடுங்கள். அது எடுத்ததை மட்டும் வாங்குங்கள், அது படக்கதையாக இருந்தாலும்.

சமையலறைப் பக்கமும் ஒரு வரலாறு இருக்கிறது. வீட்டில் பாட்டி இருந்தால் லெக்கோ பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். லிக்னைட்டை அமுக்கிச் சுட்டு, புகையாத எரிபொருளாக இங்கே தயாரித்து விற்ற காலம் அது. எப்படிப் பற்றவைப்பார்கள், எவ்வளவு நேரம் எரியும், கேஸ் வந்ததும் என்ன ஆனது என்று பாட்டி சொல்லச் சொல்ல பிள்ளை எழுதினால், பாடநூலில் இல்லாத ஒரு பக்கம் நமக்குக் கிடைக்கும்.

ஒரு நாள் வெளியே போக முடிந்தால் திருவக்கரைக்குப் போங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் பலர். பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் போகாமல் திரும்பிவிடுகிறார்கள். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. அவை கிடப்பது கடலூர் மணற்கல் பாறையில். நம் லிக்னைட்டுக்கு மேல் நீங்கள் வெட்டிக் குவிப்பதும் அதே கடலூர் மணற்கல்தான். அங்கே மரம் கல்லானது, இங்கே தாவரங்கள் கரியாயின. ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியோடு திரும்பி வந்தால் போதும், பதிலை வகுப்பில் தேடிக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் இன்னொரு பிரிவினரிடமும் பேச வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே, நிலம் கொடுத்த கிராமங்களில் இருப்பவர்களே, உங்கள் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறீர்கள், அல்லது பார்த்த வேலையும் போய் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிறீர்கள். இந்த மண்ணைப் பற்றி எந்த இன்ஜினியரைவிடவும் உங்கள் அப்பாக்களுக்கு அதிகம் தெரியும். எந்தக் கொல்லையில் எத்தனை அடியில் செம்மண் முடிந்து மணல் தொடங்கும், எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்துதான் இந்த ஊரின் கதையே தொடங்குகிறது. கிணற்றைக் கவனித்தவரின் ஊர் இது. பிள்ளைகள் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, மாதத்துக்கு ஒரு முறை அதே தேதியில் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் குறிக்கட்டும். தண்ணீர் ஏன் இறங்குகிறது, எங்கே போகிறது என்று கேட்பார்கள். அது உங்கள் ஊரில் சூடான கேள்வி என்று எனக்குத் தெரியும். வகுப்பில் அதைத் தள்ளி வைக்க மாட்டேன். அளந்த எண்களோடு பேசுவோம்.

எங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியாதே என்பீர்கள். நடத்த வேண்டாம். வெல்டர் ஒருவர் வகுப்பில் வந்து, இரும்பு எந்த நிறத்தில் இருக்கும்போது எவ்வளவு சூடு என்று கண்ணால் எப்படிக் கணிக்கிறார் என்பதை மட்டும் சொன்னால் போதும். பெல்ட் கிழிந்தால் எப்படி ஒட்டுகிறார்கள் என்று ஒருவர் சொல்லட்டும். கேன்டீனில் சமைக்கும் அம்மா, நூறு பேருக்கான சாம்பாரை ஆயிரம் பேருக்கு மாற்றும்போது உப்பையும் புளியையும் ஏன் அப்படியே பத்தால் பெருக்குவதில்லை என்று சொல்லட்டும். விகிதம் நடத்தும் எனக்கே அந்தப் பதில் வேண்டும். மருத்துவமனை நர்ஸ், தோட்டப் பிரிவில் மரம் நடுபவர், டம்பர் ஓட்டுநர், எல்லோரும் வாருங்கள். ஆங்கிலத்தில் பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நீங்கள் பேசும் தமிழிலேயே பேசுங்கள்.

ஜெர்மனியில், நம் சுரங்கத்துக்குச் சக்கர எந்திரங்களைத் தந்த அதே நாட்டில், ஓய்வுபெற்ற ராட்சத எந்திரங்களை உடைத்து இரும்புக்குப் போடாமல் நிறுத்தி வைத்து, ஃபெரோபோலிஸ் என்று ஓர் இடத்தையே அமைத்திருக்கிறார்கள். லிஷ்டர்ஃபெல்ட் என்ற ஊரில் 502 மீட்டர் நீளமுள்ள ஒரு பழைய மண் கடத்தும் பாலத்தின் மேல் பள்ளிப் பிள்ளைகள் ஏறி நடக்கிறார்கள். நம் ஊரிலும் ஓய்வுபெற்ற ஒரு சக்கரத்தையோ ஒற்றை வாளியையோ பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் வழியாகக் கேளுங்கள். ஒரு 1400 லிட்டர் வாளிக்குள் எத்தனை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார முடியும் என்பதை ஊகித்துப் பார்த்துவிட்டு, உண்மையிலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை.

இனி வேலைக்கு வருகிறேன். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர் பற்றிப் பேசி முடித்ததும், மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒரு மணி நேரம் பெற்றோர் வகுப்பு வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். மற்ற பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் நான் பேசிக்கொள்கிறேன். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் பிள்ளையின் டைரியில் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: என்ன வேலை, எந்த நாள் வீக்லி ஆஃப். நைட் ஷிப்ட் முடித்த காலையில் யாரையும் கூப்பிட மாட்டேன். பிள்ளைகள் முன்கூட்டியே கேள்விகளை எழுதி உங்களுக்கு அனுப்புவார்கள். அதில் தெரியாதது இருந்தால், தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று வகுப்பிலேயே சொல்லுங்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்லிப் பிள்ளைகள் அதிகம் கேட்டதில்லை.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் அறிவியல் ஆசிரியை
நெய்வேலி